பிரான்சில் வாழ்ந்த புதுக்கோட்டை ராஜா

புதுக்கோட்டையை ஆண்ட ராஜா ஒருவர் பிரான்சு தேசத்தில் மாளிகை வாங்கிக் குடியிருந்தார். அந்தத் தேசத்திலேயே உயிரையும் விட்டார்.

அவர் பெயர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான்.

அவருக்கு ராஜ்யம் இருந்தது. அரண்மனை இருந்தது. பிறந்த ஊரில் அவர் வீதிக்கு வந்தால் கும்பிட ஆயிரம் கைகள் இருந்தன. அப்படி இருந்தும் கடல் தாண்டிப் போய் அயல்நாட்டில் வாழ்ந்தார்.

ஏன்? ஒரு பெண்ணைக் காதலித்து மணந்தார். அந்தப் பெண்ணை ராணி என்று ஏற்க வெள்ளைக்கார சர்க்கார் மறுத்தது. மனைவியா, ராஜ்யமா என்று கேள்வி வந்தது. மனைவிதான் என்று முடிவு செய்தார்.

தொண்டைமான் வம்சம்

புதுக்கோட்டை இன்று தமிழ்நாட்டில் ஒரு மாவட்டம். 1948க்கு முன் அது தனிச் சமஸ்தானம். பரப்பு 1,179 சதுர மைல். நாலு பக்கமும் வெள்ளைக்காரர் ஆண்ட ஜில்லாக்கள். நடுவிலே தொண்டைமான்களின் ராஜ்யம்.

செழிப்பான பூமி என்று சொல்ல முடியாது. வற்றாத ஆறு கிடையாது. மழை பெய்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் நெல் விளையும். மழை பொய்த்தால் குடியானவன் வயிறு காயும்.

1686ல் தொடங்கியது தொண்டைமான்களின் ஆட்சி. அதன் பிறகு சுமார் 70 ஆண்டுகள் கழித்து, இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிக்காகச் சண்டை போட்டார்கள். திருச்சிக் கோட்டைக்குள் இருந்த இங்கிலீஷ் படைக்குத் தானியமும் ஆடு மாடுகளும் அனுப்பிக் காப்பாற்றியவர் அப்போதைய தொண்டைமான். பிரெஞ்சுக்காரர் பக்கம் அவர் சாயவில்லை.

கட்டபொம்மனை 1799ல் பிடித்துக் கொடுத்ததும் புதுக்கோட்டைதான். அந்தப் பழி இன்றும் பேசப்படுகிறது.

இந்த உதவிகளுக்குக் கைம்மாறு கிடைத்தது. சுற்றியிருந்த பாளையங்கள் எல்லாம் ஒழிந்தன. புதுக்கோட்டை மட்டும் நிலைத்தது. கப்பம் கட்டாத சமஸ்தானம் என்ற பெருமையும் அதற்கு உண்டு.

பிரெஞ்சுக்காரரை எதிர்த்து இங்கிலீஷ்காரருக்குச் சோறு போட்ட அந்த வம்சத்தில் பிறந்தவர்தான் மார்த்தாண்டர். அவருக்கு வாழ இடம் கொடுத்ததோ பிரெஞ்சு மண்! அவரை அங்கே விரட்டியதோ இங்கிலீஷ் சர்க்கார்!

பத்து வயதில் ராஜா

மார்த்தாண்டர் 1875 நவம்பரில் பிறந்தார். அப்போது ராமச்சந்திர தொண்டைமான் ஆண்டுகொண்டிருந்தார். அவருக்குப் பின் ஆள ஆண் வாரிசு இல்லை. ஆகையால் தம் மகள் வயிற்றுப் பேரனையே தத்து எடுத்துக்கொண்டார்.

1886 ஏப்ரலில் தாத்தா காலமானார். பேரன் ராஜா ஆனார். அப்போது அவருக்கு வயது 10.

சின்னப் பையன் எப்படி ஆள முடியும்? ஆட்சியை திவான் சேஷய்ய சாஸ்திரி பார்த்துக்கொண்டார். திருவாங்கூரில் திவானாக இருந்து பேர் எடுத்தவர் அவர். புதுக்கோட்டைக்கு 1878ல் வந்தார். தூர்ந்து கிடந்த குளங்களை வெட்டினார். நேரான வீதிகள் போட்டார். கச்சேரிக் கட்டிடங்கள் கட்டினார். புதுக்கோட்டை நகரம் இன்று பார்க்க லட்சணமாக இருக்கிறது என்றால், அதில் பெரும் பங்கு சாஸ்திரியாருக்கு உண்டு.

பையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க இங்கிலாந்திலிருந்து கிராஸ்லி என்ற ஆசிரியர் வந்தார். இங்கிலீஷ் பேச்சு, இங்கிலீஷ் உடுப்பு, இங்கிலீஷ் விளையாட்டு எல்லாம் பையனுக்குப் பழக்கமாயின.

ஒரு பக்கம் இப்படி. இன்னொரு பக்கம் பார்த்தால், புதுக்கோட்டை ராஜா என்பவர் திருக்கோகர்ணம் பிரகதாம்பாளின் தாசர். அம்பாள் பெயரால்தான் ஆட்சி. சமஸ்தானத்துச் செப்புக் காசில்கூட ராஜாவின் தலை கிடையாது. அம்மன் உருவம்தான் இருக்கும். அதனால் அதற்கு அம்மன் காசு என்று பெயர். நவராத்திரியில் அரண்மனையிலிருந்து அரிசியோடு அந்தக் காசையும் தானம் கொடுப்பார்கள்.

வீட்டில் அம்மன் காசு. படிப்பில் இங்கிலீஷ் துரை. இரண்டுக்கும் நடுவே வளர்ந்தான் பிள்ளை. இப்படி வளர்த்துவிட்டு, பிறகு அவர் வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார் என்று வெள்ளைக்காரரே கோபித்துக்கொண்டதுதான் வேடிக்கை!

1894 நவம்பரில் முழு அதிகாரமும் ராஜாவின் கைக்கு வந்தது. அந்த ஆண்டோடு சாஸ்திரியார் ஓய்வு பெற்றார்.

ராஜா சும்மா இருக்கவில்லை. 1902ல் ஜனங்களின் குறைகளைச் சொல்ல ஒரு பிரதிநிதி சபை ஏற்பட்டது. 1910ல் மியூசியம் ஏற்பட்டது. திருக்கோகர்ணத்தில் இன்றும் ஜனங்கள் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறார்களே, அதுதான். 1912ல் நகரசபை வந்தது.

ஆனால் ராஜாவின் மனம் கப்பலையே சுற்றிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவுக்குப் போவதில் அவருக்கு அவ்வளவு ஆசை.

பயணம் புறப்படுவது எப்படி?

இந்தக் காலத்தில் திருச்சியில் விமானம் ஏறினால் மறுநாள் பாரிஸ் போய்ச் சேரலாம். அந்தக் காலத்தில் அப்படி முடியுமா?

முதலில் உத்தரவு வேண்டும். ராஜாவாக இருந்தாலும் இஷ்டம்போல் கடல் தாண்ட முடியாது. திருச்சி கலெக்டர்தான் புதுக்கோட்டைக்கு சர்க்காரின் பிரதிநிதி. அவர் மூலம் சென்னை கவர்னருக்கு எழுத வேண்டும். ராஜாக்கள் அடிக்கடி ஐரோப்பா போவது வைஸ்ராய் கர்சன் பிரபுவுக்குக் கட்டோடு பிடிக்காது. ஆட்சியை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. 1900ல் இதற்காகவே அவர் ஒரு கடுமையான சுற்றறிக்கை அனுப்பினார்.

கர்சன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ராஜா கப்பல் ஏறினால் செலவு யாருடையது? வானம் பார்த்த பூமியில் உழுகிறவன் கொடுத்த வரிப்பணம்தானே!

அடுத்தது ஆசாரம். கடல் தாண்டினால் ஜாதி கெடும் என்று பெரியவர்கள் சொன்ன காலம் அது. 1902ல் ஏழாம் எட்வர்டு சக்ரவர்த்தியின் முடிசூட்டு விழாவுக்கு ஜெய்ப்பூர் மகாராஜா லண்டன் போனார். குடிக்கவும் குளிக்கவும் ஆளுயர வெள்ளிக் கொப்பரைகளில் கங்கை நீரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தக் கொப்பரைகள் ஜெய்ப்பூர் அரண்மனையில் இன்றும் இருக்கின்றன. இங்கிலீஷ் ஆசிரியரிடம் வளர்ந்த மார்த்தாண்டருக்குக் கடல் ஒரு தடையாகத் தோன்றவில்லை.

அப்புறம் வழி. புதுக்கோட்டைக்கு அப்போது ரயில் கிடையாது. திருச்சி வரையில் சாலை வழி. சுமார் 33 மைல். அங்கிருந்துதான் ரயில். பம்பாய்க்குப் போய்க் கப்பல் ஏறலாம். அல்லது கொழும்புக்குப் போய் ஏறலாம். டிக்கெட், ஓட்டல், சாமான் எல்லாவற்றையும் கவனிக்கத் தாமஸ் குக் என்ற இங்கிலீஷ் கம்பெனி இருந்தது. பம்பாயில் 1881லேயே ஆபீஸ் திறந்துவிட்டது. இந்திய ராஜாக்களின் பயணங்களைக் கவனிப்பதற்கென்றே அதில் தனி இலாகா இருந்தது. சமையற்காரர், வேலைக்காரர், மூட்டை முடிச்சு சகிதம் ராஜாக்கள் கிளம்பினால் லேசான வேலையா?

பம்பாயிலிருந்து அரபிக் கடல், ஏடன், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல். சுமார் இரண்டு வாரத்தில் பிரான்சின் மார்சேல்ஸ் துறைமுகம் வரும். கப்பலிலேயே லண்டன் போகிறவர்கள் போகலாம். அலுத்துப் போனவர்கள் மார்சேல்சில் இறங்கி ரயிலில் ஏறிப் பாரிஸ் போவார்கள்.

அங்கேயும் ஒரு புதுக்கோட்டை

மார்சேல்சிலிருந்து பாரிஸ் போகும் ரயில் பாதை அழகான பாதை. ரோன் என்ற பெரிய நதியை ஒட்டியே வடக்கே போகிறது. இரு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள். மேட்டுக்கு மேடு பழைய கோட்டைகள்.

முதலில் அவின்யோன் நகரம். 14ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கரின் தலைவரான போப்பாண்டவர்கள் ரோமை விட்டு இங்கே வந்து தங்கினார்கள். 1309 முதல் 1377 வரையில் ஏழு போப்பாண்டவர்கள் இங்கிருந்தார்கள். மலை போன்ற அவர்கள் அரண்மனை இன்றும் நிற்கிறது.

அவின்யோனைத் தாண்டிச் சில மைல் போனால் ஒரு சிறிய ஊர். போப்பாண்டவர் ஒருவர் கோடையில் தங்குவதற்காக அங்கே மேட்டின் மேல் கோட்டை கட்டினார். அந்த ஊரின் பெயர் ஷாத்தோநெப் தியூ பாப்.

பெயரைக் கேட்டால் நாக்கு சுளுக்குகிறது. பொருளைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கிறது. ஷாத்தோ என்றால் கோட்டை. நெப் என்றால் புதிது. போப்பாண்டவரின் புதுக்கோட்டை!

அந்தப் புதுக்கோட்டையும் நம் புதுக்கோட்டையைப் போல வறண்ட மேட்டு நிலம்தான். வயலில் மண்ணைப் பார்க்க முடியாது. உருண்டை உருண்டையாகக் கூழாங்கற்கள்தான் கிடக்கும். பகலில் வெயிலைக் குடித்த கல், இரவில் அந்தச் சூட்டைத் திராட்சைக் கொடிக்குக் கொடுக்கும். பழம் நன்றாக முற்றும். அந்தப் பழத்தின் மதுவுக்கு உலகமெங்கும் கிராக்கி. கோட்டையோ இடிந்துவிட்டது. இரண்டாவது உலகப் போரில், 1944ல், எஞ்சி நின்றதிலும் பெரும் பகுதியை ஜெர்மானியர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒரு பக்கச் சுவர் மட்டும் நிற்கிறது.

அதையும் தாண்டினால் லியோன் நகரம். பிறகு பர்கண்டி. அதுவும் மதுவுக்குப் பெயர் போன நாடு. அப்புறம் பாரிஸ்.

பாரிசுக்குத் தென்மேற்கே லுவார் என்று இன்னொரு நதி. அதன் கரையிலும் கிளை நதிகளின் கரையிலும் பிரெஞ்சு ராஜாக்கள் கட்டிய மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. ஷெனோன்சோ என்ற மாளிகை ஆற்றின் மேலேயே பாலம் போலக் கட்டப்பட்டது. 1559ல் பிரெஞ்சு ராஜா ஒருவர் இறந்ததும், அவருடைய காதலியை அந்த மாளிகையிலிருந்து வெளியேற்றிவிட்டுப் பட்டத்து ராணி எடுத்துக்கொண்டாள். ராஜா இருக்கும் வரையில்தான் காதலிக்கு மதிப்பு!

பிரான்சுக்குப் போகும் பணக்காரர்கள் எல்லாம் இந்தக் கோட்டைகளையும் தோட்டங்களையும் பார்க்கத் திட்டம் போடுவார்கள். பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள். மார்த்தாண்டரும் சுற்றுவார், திரும்புவார். 1914 வரையில் இப்படித்தான் நடந்தது.

திசை மாறியது

1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் பெரும் போர் மூண்டது. செப்டம்பர் 22ந் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைக்கே வந்து குண்டு போட்டது. பிரான்சில் திராட்சைத் தோட்டங்கள் இருந்த இடங்களில் சில, பதுங்கு குழிகளாயின. இந்த நிலையில் ஐரோப்பாவில் உல்லாசப் பயணம் ஏது?

கொழும்புத் துறைமுகத்தில் நின்றால், மேற்கே போகும் கப்பல் ஐரோப்பாவுக்கு. தென்கிழக்கே போகும் கப்பல் ஆஸ்திரேலியாவுக்கு. 1915ல் ராஜா ஆஸ்திரேலியாவில் இருந்தார்.

சிட்னி நகரில் ஒரு பெரிய ஓட்டலில் மோலி பிங்க் என்ற பெண்ணைச் சந்தித்தார். மெல்போர்னைச் சேர்ந்த ஒரு வக்கீலின் மகள். வயது 20. நல்ல அழகி. துடுக்கான பேச்சு.

ராஜாவுக்கு வயது 39. அதுவரையில் அவர் கலியாணம் செய்துகொள்ளவில்லை. மோலியைக் கண்டதும் மனதைப் பறிகொடுத்தார்.

1915 ஆகஸ்டு 10ந் தேதி மெல்போர்னில் பதிவுத் திருமணம் நடந்தது. ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் அமளிப்படுத்திவிட்டன. வெள்ளைக்காரப் பெண் இந்திய ராஜாவை மணப்பதா என்று சிலர் கோபித்தார்கள். நம் ஊர்ப் பெண் மகாராணி ஆகிவிட்டாள் என்று சிலர் பூரித்தார்கள்.

ஐந்து மாதம் ராணி

ராஜா மணப்பெண்ணை அழைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்தார். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். அவர்களுக்கு அவர் ராஜா. அவர் மனைவி ராணி. அவ்வளவுதான் கணக்கு.

சர்க்காரின் கணக்கு வேறு.

வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இந்தியனுக்கு மனைவியானால் ஆளும் இனத்தின் மதிப்பு போய்விடும் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். நாளைக்குப் பிள்ளை பிறந்தால் அவன் பட்டத்துக்கு வருவானே என்ற கவலை வேறு. ஜாதி ஆசாரம் பார்த்த நம்மவர்கள் சிலருக்கும் இந்தக் கலியாணம் பிடிக்கவில்லை. அது சர்க்காருக்கு வசதியாகப் போயிற்று.

மோலியை ராணி என்று அழைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பட்டம் இல்லை. மரியாதை இல்லை. கணவருக்குப் பீரங்கி மரியாதை உண்டு. மனைவி சர்க்கார் கண்ணுக்கு வெறும் ஆள்.

இதற்கு முன் கபூர்தலா மகாராஜா, ஸ்பெயின் தேசத்து நடனப் பெண் அனிதாவை 1908ல் மணந்தார். சர்க்கார் அவளையும் ராணியாக ஏற்கவில்லை. ஆனால் கபூர்தலாவுக்கு முந்திய மனைவிகளின் பிள்ளைகள் இருந்தார்கள். வாரிசுப் பிரச்னை எழவில்லை. மார்த்தாண்டருக்கு மோலி ஒருத்திதான் மனைவி. மோலியின் பிள்ளைதான் பிள்ளை.

மோலி கர்ப்பமானார். திடீரென்று உடம்புக்கு வந்தது. அரளி விஷம் கொடுத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. வேலியில் பூத்துக் கிடக்கிற அரளிதான். பூஜைக்கும் அதுதான்; சாவுக்கும் அதுதான்.

ராஜா பயந்துவிட்டார். பிறக்கப் போகும் பிள்ளையும் பெற்றவளும் உயிரோடு வேண்டும். 1916 ஏப்ரலில் இருவரும் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார்கள். மோலி புதுக்கோட்டையில் இருந்தது சுமார் ஐந்து மாதம்தான்.

இந்த முறை உல்லாசத்துக்கான பயணம் அல்ல. திட்டம் போட நேரமும் இல்லை. ஐரோப்பா போகும் கடல் வழியில் நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிந்தன. சில மாதம் முன்புதான், 1915 டிசம்பர் 30ந் தேதி, பெர்சியா என்ற பிரயாணிக் கப்பல் மத்தியதரைக் கடலில் மூழ்கடிக்கப்பட்டு 300க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆகையால் மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்கே போனார்கள்.

1916 ஜூலை 22ந் தேதி சிட்னியில் ஆண் குழந்தை பிறந்தது. மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர் வைத்தார்கள். முதல் பெயர் அப்பாவுடையது. இரண்டாவது பெயர் பிறந்த ஊர். மூன்றாவது பெயர் எந்த வம்சத்துக்கு உரியதோ, அந்த வம்சத்தின் அரியணை குழந்தைக்குக் கிடையாது என்று சர்க்கார் சொல்லிவிட்டது.

ராஜா கடிதம் மேல் கடிதம் எழுதினார். பலிக்கவில்லை. போர் முடியும் வரையில் சிட்னியிலேயே காலம் தள்ளினார். பந்தயக் குதிரைகள் வாங்கி ஓட்டினார். ராஜ்யத்தை திவானும் கவுன்சிலும் நடத்தினார்கள். ராஜா இல்லாத நவராத்திரிகள் புதுக்கோட்டையில் வந்து போயின.

பட்டத்தை வைத்துக்கொண்டு ஆட்சியை விட்டார்

1919ல் ஐரோப்பாவுக்கு வழி திறந்தது. ராஜா குடும்பத்துடன் லண்டன் போனார். சக்ரவர்த்தி இருக்கும் ஊரில் நியாயம் கிடைக்கும் என்று நம்பியிருக்கலாம். அங்கேயும் கதவு திறக்கவில்லை.

கடைசியில் ஓர் ஏற்பாடு ஆயிற்று. ராஜா என்ற பட்டம் மார்த்தாண்டருக்கே இருக்கும். அவருக்குப் பணமும் வரும். ஆட்சியைத் தனிப் பிரதிநிதி ஒருவர் நடத்துவார். ராஜாவின் உடன்பிறந்தவரான ரகுநாத பல்லவராயர் 1922ல் அந்தப் பொறுப்பை ஏற்றார்.

ராஜா தோற்றாரா, ஜெயித்தாரா? ராஜ்யத்தைப் பார்த்தால் தோல்விதான். குடிகளும் தங்கள் ராஜாவை இழந்தார்கள். ஆனால் மனைவியைத் தள்ளி வைத்திருந்தால் அவர் நிம்மதியாகப் புதுக்கோட்டையில் ஆண்டிருக்கலாம். வேறொரு பெண்ணை மணந்து வாரிசு பெற்றிருக்கலாம். பல ராஜாக்களுக்கு அது சாதாரண காரியம். இவர் அதைச் செய்யவில்லை.

கடற்கரை மாளிகை

பிரான்சின் தெற்குக் கரையில் கேன்ஸ் என்ற ஊர் இருக்கிறது. 1946 முதல் சினிமாப் பட விழா நடக்கும் ஊர் அதுதான். 1834ல் இங்கிலாந்துப் பிரபு ஒருவர் அங்கே வந்து தங்கியதிலிருந்து, குளிருக்குப் பயந்த பணக்காரர்கள் எல்லாம் அங்கே வரத் தொடங்கினார்கள். நம் ஊர் மார்கழி போல இதமான குளிர். நீலக் கடல். ஈச்ச மரங்களைப் பார்த்தால் ஊர் ஞாபகம்கூட வரும்.

அங்கே லா பவோரித் என்ற மாளிகையை ராஜா வாங்கினார். மோலியோடும் மகனோடும் குடியேறினார்.

கேன்ஸ் கரையில் நின்று பார்த்தால் கடலில் இரண்டு தீவுகள் தெரியும். ஒன்றில் பழைய கோட்டைச் சிறை. இரும்பு முகமூடி மனிதன் என்று கதைகளில் வருகிறானே, முகத்தை மூடியே சிறை வைக்கப்பட்டிருந்த கைதி, அவன் 1687 முதல் 1698 வரையில் அடைபட்டிருந்த இடம் அது. இன்னொரு தீவில் கிறிஸ்துவ சாமியார்களின் மடம். கடற்கொள்ளைக்காரருக்குப் பயந்து மடத்தையே கோட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். அங்கே சாமியார்களே திராட்சை பயிரிட்டு மது தயாரிக்கிறார்கள்.

கோட்டைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் தேடிப் பயணம் போனவருக்கு, கண் எதிரே இரண்டும் இருந்தன. எங்கே வேண்டுமானாலும் போகலாம். 1922 டிசம்பரில் கேன்ஸ் வழியாக நீல நிறத் தூங்கும் வண்டிகள் பூட்டிய சொகுசு ரயில் ஓடத் தொடங்கியது. மாலையில் பாரிசில் ஏறினால் விடிந்த பிறகு கேன்ஸ். ஒரே ஓர் ஊருக்குத்தான் மனைவியையும் மகனையும் ராணியும் இளவரசனுமாக அழைத்துக்கொண்டு போக முடியாது. அது திருக்கோகர்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர்.

மோலிக்கு சர்க்கார் கொடுக்காத மதிப்பை கேன்ஸ் கொடுத்தது. விருந்துகளில் அவர்தான் ராணி. அவர் உடுத்தும் உடையைப் பார்க்கவே ஆட்கள் உண்டு. செசில் பீட்டன் என்ற புகழ் பெற்ற போட்டோ நிபுணர் அவரைப் படம் பிடித்தார்.

1928 மே 28ந் தேதி பாரிசில் மார்த்தாண்டர் காலமானார். அப்போது அவருக்கு வயது 52.

உடலை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். கோல்டர்ஸ் கிரீன் என்ற இடத்தில் உள்ள தகனசாலையில் இந்து முறைப்படி தகனம் நடந்தது. மகன் சிட்னிக்கு இன்னும் 12 வயது நிறையவில்லை.

அதன் பிறகு

அதே ஆண்டு நவம்பரில், தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்த ஆறு வயதுப் பிள்ளை ராஜகோபாலரைப் புதுக்கோட்டை அரியணையில் உட்கார வைத்தார்கள். மறு ஆண்டு, 1929ல், திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது. உலகமெல்லாம் ரயிலில் சுற்றிய ராஜா, தம் ஊருக்கு ரயில் வந்ததைப் பார்க்கவில்லை.

1948 மார்ச்சில் ராஜகோபால தொண்டைமான் சமஸ்தானத்தை இந்திய சர்க்காரிடம் ஒப்படைத்தார். புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தது. 1974 ஜனவரி 14ந் தேதி தனி மாவட்டம் ஆயிற்று.

மோலி கேன்ஸ் நகரிலேயே தங்கிவிட்டார். கணவர் இறந்த பிறகு 39 ஆண்டு வாழ்ந்தார். 1967 நவம்பரில் அங்கேயே காலமானார். அவருடைய அஸ்தியை லண்டனுக்குக் கொண்டுபோய், கோல்டர்ஸ் கிரீனில் ராஜாவின் அஸ்தியோடு சேர்த்து வைத்தார்கள்.